1989இல் வீடு வாங்கிய அண்ணை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சனம் சாப்பிட்டுப் போய், இரவுச் சமையலுக்கு வெங்காயம் உரிக்கத் தொடங்கியிருந்தோம். "என்ன தம்பி, வீடு பாக்கிறியாம் எண்டு கேள்விப்பட்டன்" என்றார் அண்ணை. எங்கள் கிச்சினில் எதையும் ஒளிக்கேலாது. ஓம் என்றேன். "என்ன விலை?" என்றார். சொன்னேன். கத்தியைப் பலகையில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"நானும் ஒருக்கா வாங்கினனான். எண்பத்தொன்பதில."

அவரோடு பதினான்கு வருடமாக ஒரே அடுப்படியில் நிற்கிறேன். அறுபதைத் தாண்டியும் ஒரு பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருப்பவர் என்றுதான் எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் சொந்த வீட்டுக்காரர் என்பது அன்றைக்குத்தான் தெரிய வந்தது. பதினான்கு வருடம் அந்தக் கதையை ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை என்ற கேள்வி என்னை விடவில்லை. அதைத் தேடிப் போனதில் வந்ததுதான் இந்தக் கட்டுரை.

ரொறன்ரோவில் எங்கள் சனத்துக்குள் ஒரு வேதவாக்கு உண்டு. "இஞ்ச வீட்டு விலை விழாது. எப்ப வாங்கினாலும் லாபம்." கலியாண வீட்டில் கதைப்பார்கள், செத்த வீட்டில் கதைப்பார்கள். எங்கள் இலவசப் பத்திரிகைகளைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் கோட் போட்ட முகவர்கள் சிரித்தபடி இதையே சொல்வார்கள். இந்த வாக்கு எங்கிருந்து வந்தது? உண்மையா? நான் யாழ்ப்பாணத்தில் வணிகபீடத்தில் ஒன்றரை வருடம் படித்துவிட்டு இடையில் விட்டு வந்தவன். படித்ததில் கூட்டுவட்டிக் கணக்கு மட்டும்தான் மறக்கவில்லை. அதை வைத்துக்கொண்டு பழைய கணக்குகளைக் கிளறினேன்.

நாலு வருடத்தில் இரண்டரை மடங்கு

ரொறன்ரோவின் வீடு விற்பனை முகவர் சபை ஒவ்வொரு வருடமும் கைமாறிய வீடுகளின் சராசரி விலையை வெளியிடும். 1985இல் அது 109,094 டொலர். 1986இல் 138,925. 1987இல் 189,105. 1988இல் 229,635. 1989இல் 273,698. நாலே வருடத்தில் இரண்டரை மடங்கு. அந்த நாலு வருடத்தில் யாருடைய சம்பளமும் இரண்டரை மடங்காகவில்லை.

ஏன் அப்படி ஏறியது? 1981இல் கனடாவில் வீட்டுக் கடன் வட்டி 21 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அந்த நேரம் வீடு வாங்குவாரும் இல்லை, கட்டுவாரும் குறைவு. பிறகு வட்டி 11, 12 என்று இறங்கியபோது அதுவே மலிவாகத் தெரிந்தது. யுத்தத்துக்குப் பின் பிறந்த பெரிய தலைமுறை முப்பது வயதைத் தொட்டு, குடும்பம் பிள்ளை என்று வீடு தேடியது. தென் ஒன்ராறியோவில் தொழிற்சாலை வேலை தாராளமாகக் கிடைத்தது. வாடகைக்கு இடம் கிடைப்பதோ குதிரைக்கொம்பு. நூறு அப்பார்ட்மென்ற் இருந்தால் அதில் ஒன்றுகூடக் காலியாக இல்லாத நிலை.

இவ்வளவும் நியாயமான காரணங்கள். இவற்றுக்கு மேல் வந்ததுதான் பயம். இன்றைக்கு வாங்காவிட்டால் இனி ஒரு காலமும் வாங்கேலாது என்ற பயம். இன்னும் கட்டாத வீட்டுக்குக் கையெழுத்து வைத்துவிட்டு, திறப்பு கைக்கு வருமுன்னமே அந்தக் கையெழுத்தை லாபத்துக்கு விற்றவர்களும் இருந்தார்கள். விலை ஏறுவதைக் காட்டித்தான் விலையை ஏற்றினார்கள்.

மெல்ல மெல்ல விழுந்த கதை

1987இல் கனடா மத்திய வங்கிக்கு ஜோன் குரோ என்பவர் ஆளுநராக வந்தார். 1988 சனவரியில் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில் பேசியபோது, விலைவாசி உறுதிதான் தன் குறிக்கோள் என்று வெளிப்படையாகச் சொன்னார். சொன்னபடி வட்டியை ஏற்றினார். 1990இல் மத்திய வங்கியின் வட்டியே 14 சதவீதம் வரை போனது. அந்த வருடம் ஏப்ரலில் பொருளாதார மந்தம் தொடங்கியது. 1989 சனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த அமெரிக்காவுடனான சுதந்திர வர்த்தக உடன்படிக்கைக்குப் பிறகு, ஒன்ராறியோத் தொழிற்சாலைகள் பல மூடின, சில தெற்கே போயின. 1991 சனவரியில் ஜிஎஸ்ரி வரி 7 சதவீதம் வந்தது. 1992, 93ஆம் ஆண்டுகளில் கனடாவில் வேலையில்லாதவர்கள் 11 சதவீதத்துக்கு மேல்.

வீட்டு விலை ஒரே நாளில் விழவில்லை. இதைத்தான் கவனிக்க வேண்டும். 1990இல் 255,020. 1991இல் 234,313. 1992இல் 214,971. 1993இல் 206,490. 1994இல் கொஞ்சம் ஏறி 208,921. அப்பாடா, முடிந்தது என்று மூச்சுவிட்டிருப்பார்கள். 1995இல் திரும்ப இறங்கி 203,028. 1996இல் 198,150. ஏழு வருடம் சறுக்கியது. நூறு டொலர் கொடுத்து வாங்கியது எழுபத்திரண்டு டொலருக்கு வந்து நின்றது.

1989இன் விலையை ரொறன்ரோ திரும்பத் தொட்டது 2002இல். பதின்மூன்று வருடம்! அதுவும் வெறும் இலக்கத்தில்தான். பணவீக்கத்தையும் கழித்துப் பார்த்தால் 2010 வரை போகிறது. 1989இல் பிறந்த பிள்ளை பல்கலைக்கழகம் போய்விட்ட வயது.

ஆக, "விழாது" என்பது பொய். எங்கள் சனம் வந்து இறங்கிய அதே நகரத்தில், அதே வருடங்களில் விழுந்திருக்கிறது. அப்படியானால் ஏன் எங்களுக்கு அது தெரியாது?

நாங்கள் வந்த நேரம்

1986 ஓகஸ்டில் நியூபவுண்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீன்பிடிகாரர் காப்பாற்றியது எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த வருடங்களில் வந்தவர்கள் அகதி விண்ணப்பம் முடிவாகும் மட்டும் கோப்பை கழுவினார்கள். பாதிப்பேர் சென்ற் ஜேம்ஸ் ரவுணின் மாடிக் கட்டடங்களில் ஓர் அறைக்கு நாலு பேராக இருந்தார்கள். வந்த கடன், ஊரில் தங்கச்சியின் சீதனம், அடுத்த தம்பியை எடுக்க ஏஜென்சிக் காசு. 1989இல் அவர்களில் பெரும்பாலோருக்கு வீடு வாங்க வழியில்லை. வழியில்லாததே அவர்களைக் காப்பாற்றியது.

அவர்கள் கடனை அடைத்து, குடியுரிமை எடுத்து, மனிசி பிள்ளைகளைக் கூப்பிட்டு நிமிர்ந்தபோது 1994, 95, 96 ஆகிவிட்டது. விலை அடியில் கிடந்தது. வட்டி 8 சதவீத அளவுக்கு இறங்கியிருந்தது. 1992இலிருந்து முதல் வீடு வாங்குபவர் 5 சதவீதம் கையில் வைத்திருந்தால் போதும் என்றும், ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து 20,000 டொலர் வரை எடுக்கலாம் என்றும் அரசாங்கம் வழி திறந்திருந்தது. சீட்டு எடுத்து, இரண்டு வேலை செய்து, பேஸ்மென்ற்றை வாடகைக்கு விட்டு ஸ்காபரோவில் வாங்கினார்கள். அவர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே உழைப்பை 1989இல் போட்டவன் அழிந்தான், 1996இல் போட்டவன் தழைத்தான். வித்தியாசம் புத்தியில் இல்லை, விமானம் ஏறிய திகதியில்.

1996இல் வாங்கியவர்கள்தான் இன்றைக்குக் கோயில் சபையிலும் பழைய மாணவர் சங்கத்திலும் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதுதான் எங்கள் வரலாறாகிவிட்டது. தோற்றவன் சபைக்கு வருவதில்லை. வந்தாலும் வாய் திறப்பதில்லை. எங்கள் அண்ணை பதினான்கு வருடம் வாய் திறக்காத மாதிரி.

அண்ணையின் வீடு

அவர் வந்தது 1986 கடைசியில். பகலில் ஓர் உணவகம், இரவில் இன்னொன்று. 1989 வசந்தத்தில் அவரும் தம்பியும் மச்சானுமாகச் சேர்ந்து ஸ்காபரோவில் ஒரு வீடு வாங்கினார்கள். ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோடு ஒட்டிய வீடு. விலை 220,000. கையில் போட்டது 22,000. பாதி சீட்டுக்காசு, பாதி கைமாற்று. மிச்சம் 198,000 வங்கிக் கடன், 12 சதவீத வட்டி, 25 வருடத்தில் அடைக்கும் கணக்கு.

அவர் சொன்ன இலக்கங்களை வைத்து வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காப்புறுதியைச் சேர்க்காமலே மாதம் 2,043 டொலர். முதல் மாதம் கட்டிய 2,043இல் வட்டிக்குப் போனது 1,932. கடனில் குறைந்தது 111 டொலர்! அந்த ஒக்டோபரில் ஒன்ராறியோவின் அடிப்படைச் சம்பளம் மணிக்கு 5 டொலர். ஒருவர் வாரம் 40 மணித்தியாலம் முழுக்க வேலை செய்தாலும் மாதம் 870 டொலர்கூட வராது. மூன்று பேர் உழைத்தால்தான் வீடு நிற்கும். மூன்று பேர் இருந்தார்கள்தானே என்று வாங்கிவிட்டார்கள்.

இங்கே கனடாவின் ஒரு விசேசத்தைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 30 வருடத்துக்கு ஒரே வட்டியில் கடன் எடுக்கலாம். கனடாவில் 25 வருடக் கடன் என்றாலும் வட்டி ஒரு வருடத்துக்கோ மூன்று, ஐந்து வருடத்துக்கோதான் நிலையாக இருக்கும். பிறகு அன்றைய வட்டிக்குப் புதுப்பிக்க வேண்டும். இதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டிலேயே கனடாவின் வட்டிச் சட்டத்தில் ஒரு பிரிவு வந்துவிட்டது. நீண்டகால வீட்டுக் கடனை, ஐந்து வருடம் போனபின் மூன்று மாத வட்டியை மட்டும் மேலதிகமாகக் கட்டிவிட்டு ஒருவர் அடைத்துவிடலாம். கடன்காரனைக் காப்பாற்ற வந்த சட்டம்தான். ஆனால் அதனால் ஐந்து வருடத்துக்கு மேல் வட்டியை நிலையாகக் கொடுக்க வங்கிகளுக்கு மனமில்லாமல் போனது.

ஊரில் எங்களுக்கு ஈடு தெரியும், ஒற்றி தெரியும். ஒற்றி என்றால் வட்டிக்குப் பதிலாகக் கடன் கொடுத்தவர் காணியை அனுபவிப்பார். முதலைத் திருப்பிக் கொடுத்தால் காணி திரும்பி வரும். இடையில் வட்டி ஏறிவிட்டது என்று ஒருவரும் படலையில் வந்து நிற்கமாட்டார். இந்தப் புதுப்பிக்கிற வித்தை எங்களுக்குப் புதிசு.

அண்ணைக்கு வீடு காட்டிய முகவர், வட்டி இனிக் குறையும், ஒரு வருடத்துக்கு மட்டும் எடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். 1990 யூனில் புதுப்பிக்கப் போனபோது வட்டி 14. மாதக் கட்டணம் 2,043இலிருந்து 2,320 ஆனது. அடுத்த வசந்தத்தில் தம்பி வேலை செய்த தொழிற்சாலை மூடியது. மச்சான் கலியாணம் கட்டித் தனியே போனார். 1991 முழுக்க அண்ணை கிழமைக்கு எண்பது மணித்தியாலம் நின்றிருக்கிறார். "வீட்டில படுத்த நாள் குறைவு தம்பி. வீட்டுக்காக வெளியில நிண்டன்."

1992இல் முடியவில்லை. அப்போது கடன் மிச்சம் 194,000க்குக் கிட்ட. வீடு அந்த விலைக்குப் போகாது. பவர் ஒஃப் சேல் என்பார்கள், வங்கி தானே எடுத்து விற்பது. 165,000க்கு விற்றது. திறப்பைக் கொடுத்தால் கடன் முடிந்தது என்றுதான் அண்ணை நினைத்திருக்கிறார். இல்லை. ஒன்ராறியோவில் வீடு போனபிறகும், விற்று வந்த காசு கடனுக்குப் போதாவிட்டால் மிச்சத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு. இல்லாத வீட்டுக்கு 1998 வரை கட்டியிருக்கிறார்.

விலை அடியில் கிடந்த 1996இல் அவருக்கு ஒரு வங்கியும் கடன் கொடுக்காது. அவருக்குப் பிறகு வந்தவர்கள் அவர் கண்ணுக்கு முன்னால் வாங்கினார்கள். கைமாற்றுக் கொடுத்தவரோடு முகம் கொடுத்துக் கதைக்க ஏழு வருடம் எடுத்தது. ஊரில் பேசி வைத்திருந்த சம்பந்தம் நின்றுபோனது. "வீடு வாங்கினவன் எண்டு சொல்லித்தான் பேசினவை. வீடு போச்செண்டு எப்பிடிச் சொல்லுறது?" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

காத்திருந்தவன்

இதைப் படித்துவிட்டு, அப்ப வாங்காமல் இருப்பதுதான் புத்தி என்று நினைத்தால் என் கதையையும் கேளுங்கள்.

நான் வந்தது 2000இல். அந்த வருடம் சராசரி விலை 243,255. வந்தவனுக்கு அது வானத்து நட்சத்திரம். 2003இல் கொஞ்சக் காசு சேர்ந்தது, தங்கச்சியின் கலியாணத்துக்குப் போனது. 2008இல் அமெரிக்காவில் வீட்டுச் சந்தை உடைந்தபோது, இங்கேயும் உடையும், பொறுத்து வாங்குவோம் என்று சொன்னேன். ரொறன்ரோவில் 2008 கடைசியில் விலை இறங்கித்தான் இருந்தது. 2009 கோடைக்குள் திரும்ப ஏறிவிட்டது.

அந்தக் குறுகிய இடைவெளியில் வாங்கியிருக்கலாம்தான். ஆனால் 2009இன் முதல் ஐந்து மாதங்களில் எங்களில் யார் வீடு பார்த்தோம்? வன்னியிலிருந்து யாருடைய தொலைபேசி வரும், யாருடையது வராது என்று இருந்த காலம். மே 10ஆம் திகதி கார்டினர் நெடுஞ்சாலையில் சனத்தோடு சனமாக நின்றேன். சந்தை எங்களைக் கேட்டு இறங்குவதுமில்லை, கேட்டு ஏறுவதுமில்லை.

2012இல் விழும் என்றேன். 2017 ஏப்ரலில் சராசரி 920,000ஐத் தாண்டியது. மாகாண அரசு வெளிநாட்டு வாங்குபவருக்கு 15 சதவீத வரி போட்டது, அந்தக் கோடையில் சரிந்தது. இன்னும் விழும் என்றேன். 2022 பெப்ரவரியில் 13 இலட்சத்து 30 ஆயிரத்தைத் தாண்டி நின்றது. உண்மையைச் சொன்னால் பாதி வருடங்களில் என்னிடம் காசு இல்லை. காசு இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, விலை விழும் என்று சொன்னேன். இத்தனை வருடத்தில் நான் கட்டிய வாடகையைக் கூட்டிப் பார்த்தேன். மூன்றரை இலட்சத்துக்கு மேல்.

அண்ணை அவசரப்பட்டு இழந்தார். நான் பொறுத்து இழந்தேன்.

மணித்தியாலக் கணக்கு

எங்களைப் போன்றவர்களுக்கு டொலர்க் கணக்கு சரிவராது. நாங்கள் விற்பது மணித்தியாலம். அதனால் சராசரி வீட்டை ஒன்ராறியோவின் அடிப்படைச் சம்பளத்தால் பிரித்தேன்.

1989இல் மணிக்கு 5 டொலர். வீட்டின் விலை 54,700 மணித்தியாலம். வருடத்துக்கு 2,000 மணித்தியாலம் என்றால் 27 வருட உழைப்பு. 1996இல் 6 டொலர் 85 சதம். வீடு 28,900 மணித்தியாலம், பதினாலரை வருடம். 2022 பெப்ரவரியில் 15 டொலர். வீடு 89,000 மணித்தியாலம், நாற்பத்துநாலரை வருடம். ஒரு மனிதனின் வேலைசெய்யும் ஆயுள் முழுக்க! 2025இல் சராசரி விலை உச்சத்திலிருந்து இரண்டரை இலட்சத்துக்கு மேல் இறங்கி 10 இலட்சத்து 68 ஆயிரம் அளவில் நின்றது. அந்த ஒக்டோபரிலிருந்து சம்பளம் 17 டொலர் 60. வீடு 60,700 மணித்தியாலம். இவ்வளவு விழுந்தபிறகும் 1989இன் உச்சத்தைவிட மேலே.

ஆனால் வட்டியையும் சேர்க்க வேண்டும். பத்து சதவீதம் கையில் போட்டு, மிச்சத்தை 25 வருடக் கடனாக எடுத்தால், மாதம் எத்தனை மணித்தியாலம் வீட்டுக்கு மட்டும் உழைக்க வேண்டும்? 1989இல் 12 சதவீத வட்டிக்கு 508. 1996இல் 8 சதவீதத்துக்கு 199. 2025இல் 4 சதவீதத்துக்கு 287. ஒருவருடைய முழுநேர வேலை மாதத்துக்கு 173 மணித்தியாலம். ஆக 1989இல் மூன்று பேர், 1996இல் ஒருவரும் கொஞ்சமும், 2025இல் கிட்டத்தட்ட இரண்டு பேர். வரியும் சாப்பாடும் இதற்கு வெளியே.

இந்த மூன்று இலக்கங்களுக்குள் எல்லாம் இருக்கிறது. 2025 நிலைமை 1989 அளவுக்கு மோசமில்லை, 1996 அளவுக்கு நல்லதுமில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். விலை விழுந்தபடியால் மட்டும் அண்ணை வீட்டை இழக்கவில்லை. விலை விழுந்தாலும் மாதக் காசு கட்டக்கூடியவன் வீட்டில் இருப்பான். பதின்மூன்று வருடம் இருந்தால் இலக்கம் திரும்பி வந்துவிடும். புதுப்பிக்கிற நாளில் வட்டியும், அதே வருடத்தில் வேலையும், அதே நேரத்தில் விலையும் சேர்ந்து வந்ததுதான் அவரை முடித்தது. விற்க வேண்டிய கட்டாயம் இல்லாதவனுக்கு விலை விழுந்தது வெறும் செய்தி. கட்டாயம் உள்ளவனுக்கு அது இடி.

அதே இடி இந்த வருடங்களிலும் விழுந்தது. 2022 மார்ச்சுக்கு முன் 0.25 சதவீதமாக இருந்த மத்திய வங்கி வட்டி 2023 யூலையில் 5 சதவீதம். 2025 ஒக்டோபர் முடிய 2.25க்கு இறங்கியது. ஆனாலும் 2020, 21இல் 2 சதவீதத்துக்கும் கீழே எடுத்தவர்கள் ஐந்து வருடம் முடிந்து அதன் இரண்டு மடங்குக்குப் புதுப்பிக்க வேண்டி வந்தது. உச்ச விலையில் வரைபடத்தைப் பார்த்துக் கொன்டோவுக்குக் கையெழுத்து வைத்தவர்கள், கட்டி முடிந்தபோது வங்கி போட்ட மதிப்பு ஒப்பந்த விலைக்குக் கீழே நிற்க, இடைவெளிக் காசுக்கு அலைந்தார்கள். எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவர்கள் ஒருவரும் சபையில் இதைக் கதைக்கவில்லை.

என்ன செய்தோம்

நாங்கள் பார்த்தது 690,000க்கு ஒரு ரவுண் ஹவுஸ். மனிசிக்கும் பிள்ளைகளுக்கும் பிடித்துவிட்டது. பத்து சதவீதம் போட்டால் 4 சதவீத வட்டிக்கு மாதம் 3,270 அளவு. 6 சதவீதத்துக்கு 3,970. இந்த இரண்டு சதவீதம் கூட்டிப் பார்க்கும் சோதனையை வங்கிகளே செய்ய வேண்டும் என்று 2016இலிருந்து 2018க்குள் விதி வந்துவிட்டது. 1989இல் இப்படி ஒன்று இருந்திருந்தால் அண்ணையை வங்கியே திருப்பி அனுப்பியிருக்கும். அந்த நேரம் அவர் வங்கியைத் திட்டியிருப்பார்.

ஆனால் வங்கி வட்டியைத்தான் சோதிக்கிறது. வேலை போனால் என்ன என்று சோதிப்பதில்லை. நான் அதையும் சேர்த்தேன். எங்கள் இருவரில் ஒருவருடைய சம்பளம் ஆறு மாதம் நின்றால்? காசோலைப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தோம். நாலாவது மாதத்தில் நிற்கிறது.

அந்த வீட்டை விட்டுவிட்டோம். மனிசி இரண்டு நாள் கதைக்கவில்லை.

மூன்றாம் நாள் அவளே சொன்னாள், சின்னதாகப் பாப்பம் என்று. மனிசிக்கு வீடு ஏன் வேணும் என்று எனக்கு விளங்கும். 1990 யூனில் வலிகாமம் வடக்கிலிருந்து நாங்கள் ஓடியபோது எனக்குப் பதினொரு வயது. அம்மா காணி உறுதியைச் சீலையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தா. 2018இல் எங்கள் பகுதியை விட்டார்கள். வீடு இல்லை, கிணறும் ஒரு தென்னையும் மட்டும். அம்மா உறுதியைக் கடைசி வரை வைத்திருந்தா. உறுதி கையில் இருந்தால் வீடு இருக்கிறது என்ற நம்பிக்கை எங்கள் இரத்தத்தில் ஊறியது. அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டுதான் வங்கிக்குப் போகிறோம். வங்கியில் உறுதியில் எங்கள் பெயர் இருக்கும், வீடு கடன் முடியும் மட்டும் பாதி அவர்களுடையது.

எங்கள் தீர்மானம் இவ்வளவுதான். விலை ஏறுமா இறங்குமா என்று இனி ஒருவரையும் கேட்பதில்லை. அது முகவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஐந்து வருடத்துக்கு நிலையான வட்டி. இரண்டு சதவீதம் கூடினாலும் கட்டக்கூடிய கடன். ஒருவர் வீட்டில் இருந்தாலும் ஆறு மாதம் தாக்குப்பிடிக்கும் காசு, அதை முதல் தவணையில் போடக்கூடாது. பத்து வருடம் அசையாமல் இருக்கக்கூடிய இடம். இந்த நாலுக்கும் சரிவந்தால் விலை நாளைக்கு விழுந்தாலும் வாங்குவோம். சரிவராவிட்டால் நாளைக்கு ஏறினாலும் வாங்கோம்.

கணக்கை அண்ணையிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 508 மணித்தியாலம் என்ற இடத்தில் கனநேரம் நின்றார். "இதை அப்ப ஆராவது எழுதிக் காட்டியிருந்தா..." என்று தொடங்கிவிட்டு, "காட்டியிருந்தாலும் வாங்கியிருப்பன்" என்று சிரித்தார். பிறகு, "நீ வாங்கினா பேஸ்மென்ற்றை எனக்குத் தா. வாடகை ஒழுங்காத் தருவன்" என்றார். பகிடிக்குத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

1989, 90இல் வாங்கி இழந்த எங்கள் ஆட்கள் இன்னும் இருப்பீர்கள். 1996இல் வாங்கியவர்களின் கதையை நாங்கள் நிறையக் கேட்டுவிட்டோம். உங்களுடையதையும் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. வீடு தேடித் திரிகிற அடுத்த பெடியனுக்கு அது உதவும்.